நாற்பத்து மூன்றும் நம் எல்லைக்குள்

1974 மார்ச் 14, வியாழக்கிழமை, காலை 11.20. கல்லறைகள் நாற்பத்து மூன்று. மூன்று முறை எண்ணிவிட்டேன்.

அன்புள்ள அம்மாவுக்கு, தாடியஸ் எழுதுவது. நான் நலம். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஆர்டீலியா அக்கா எழுதியிருந்தாள். டாக்டர் சொன்னதையும் எழுதியிருந்தாள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நிலத்துக்கு வருகிறேன்.

லாட்டிமோர் குடும்பம் பருத்தித் தோட்டத்தை வீட்டு மனைகளாக விற்கிறதல்லவா? வாங்கியவர்களின் அளவையாளர் எல்லைக் கோட்டை நம் மயானத்துக்கு மேற்கே போட்டுவிட்டார். அப்பாவின் கல்லறை உட்பட எல்லாமே அவர்கள் பக்கம். திங்கட்கிழமை மண் தள்ளும் இயந்திரம் வருவதாக ஏற்பாடு. போனில் நீ என்ன சொன்னாய்? "என்னை இங்க டெட்ராய்ட்லயே எங்கயாவது போட்டுடுடா. அவங்க வாசல்ல போய் நிக்காத." நான் கெஞ்சப் போகவில்லை. அளக்கப் போனேன்.

அந்த அளவையாளர் செய்தது படித்தவன் செய்கிற முட்டாள்தனம். நம் 1871 பத்திரத்தில் 'ஓடைப் பாறையிலிருந்து வடக்கே நாற்பது சங்கிலி' என்று இருக்கிறது. அரை மைல். அவர் இன்றைய திசைகாட்டி முள்ளைப் பார்த்து வடக்கே போனார். திசைகாட்டி முள் ஒரே இடத்தில் நிற்காது, வருடா வருடம் நகரும். அன்றைய வடக்குக்கும் இன்றைய வடக்குக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் என்பது என் கணக்கு. அரை மைல் முடிவில் அது கிழக்கே நூற்று முப்பத்தெட்டு அடி. மயானம் முழுக்க அதற்குள் அடங்கும்.

ஆவண அலுவலகத்தில் சொன்னேன். எழுத்தர் சிரித்தார். "ஏம்ப்பா, வடக்கு என்ன கால் முளைச்சு நடக்குமா? பத்திரத்துல இருந்தா காட்டு." இல்லை. முள் அன்று எவ்வளவு விலகியிருந்தது என்ற வரியை நகலெடுத்தவர் விட்டிருக்கிறார்.

நமக்கு இந்த நிலத்தை எழுதிக் கொடுத்தவரின் பேத்தி, அகஸ்டா லாட்டிமோர் அம்மையாரிடம் நேரே போய்ப் பழைய காகிதங்களைக் கேட்டேன். "பழைய காகிதப் பெட்டியில ஒண்ணும் இல்லப்பா. மழை பேஞ்சது, பன்னி குட்டி போட்டது, இதைத்தான் எங்க தாத்தா எழுதி வெச்சிருக்காரு" என்றார். பன்றிக் கணக்கையே பார்க்கிறேன் என்றேன்.

1853 அடிமைப் பட்டியலில், கோவேறு கழுதைகளுக்கு அடுத்த வரியில்: 'ஐசம், வயது 18, நில அளவைச் சங்கிலி பிடிப்பவன்.' 1871 நாட்குறிப்பில்: 'விடுதலையான ஐசம் இன்று வேலையை நிறுத்தினான். முள் விலகல் நான்கு டிகிரி கிழக்கு என்று எழுதினால்தான் பத்திரத்தில் கையெழுத்தாகக் குறி போடுவானாம். என்ன திமிர். எழுதிக் கொடுத்தேன்.' இன்றைய விலகல் ஒரு டிகிரி; வித்தியாசம் அதே மூன்று.

அம்மையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். "இந்த ஐசம்ங்கறவன் உனக்கு யாரு?" அப்பாவின் தாத்தா என்றேன். "எங்க தாத்தாவையே வெயில்ல நிக்க வெச்சிருக்காரே!" என்றார். பக்கத்தின் நகலில் தானே கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

இன்று காலை அந்தக் கோட்டில் நடந்து, முடிவில் தோண்டினேன். ஒன்றரை அடி ஆழத்தில் எல்லைக்கல் இருந்தது. நான் நான்கு வருடம் கல்லூரியில் படித்ததை, எழுத்தே தெரியாத மனிதர் நூற்று மூன்று வருடத்துக்கு முன்பு பிடிவாதமாக எழுத வைத்திருக்கிறார். நாம் அவர் வம்சம், அம்மா. சாப்பிடு. மருந்தைத் துப்பாதே.

உன் மகன்,
தாடியஸ்

இனி செய்யப் போவது:

1. இன்று மதியம் வரைபடத்தையும் நாட்குறிப்பு நகலையும் பதிவு செய்வேன். எழுத்தர் சிரித்தால் சிரிக்கட்டும்.
2. நாளை கிழக்கு எல்லையில் வேலி போடுவேன்.
3. சனிக்கிழமை பஸ் ஏறி அங்கே வருவேன். நீ எழுந்து உட்கார்ந்து வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.
4. கிளம்பும் முன் அப்பாவுக்குப் பக்கத்தில் நாலுக்கு எட்டடி அளந்து முளை அடிப்பேன். அதில் புல் வளரட்டும். பல வருடம் வளரட்டும்.