மாம்பா வந்த மாலை

தாவோங்காவின் அம்மாவுக்கு அன்புடன் யோத்தாம் எழுதுவது. நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? மக்காச்சோளத்தைக் குரங்குகள் விட்டுவைத்தனவா?

வேறு யாராவது ஊதிப் பெரிதாக்குவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை, சிறுத்தை வேட்டைக்கு வந்திருக்கும் ஹென்ரிக் ஐயாவுடன் சிறுத்தை கண்ணில் படாமலிருக்கப் புல்லால் கட்டிய மறைப்புக்குள் உட்கார்ந்திருந்தேன். ஒரு கருப்பு மாம்பாப் பாம்பு உள்ளே நுழைந்து, நீட்டியிருந்த எங்கள் கால்கள்மேல் ஏறியது. கடித்தால் ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்காது என்று அவருக்கும் தெரியும்.

"அசையாதீங்க ஐயா, மூச்சைக்கூட மெதுவா விடுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாம்பு தன்பாட்டுக்கு ஊர்ந்து மறுபக்கம் போய்விட்டது. அவ்வளவுதான்.

ஹென்ரிக் ஐயாவே முகாமில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். சமையல்காரன் லாசரோ சும்மா இருப்பானா? "என்னப்பா, புதுமாப்பிள்ளையும் பொண்ணும் மாதிரி கை கோத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்களாமே!" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் வறுத்த நிலக்கடலை கொடுத்தனுப்பு. நம் பிள்ளை தாவோங்காவை இரண்டு வரி எழுதச் சொல். அத்தைக்குப் பாம்பு விஷயம் தெரிய வேண்டாம்.

கடிதத்தைக் கொண்டுபோகும் லாரி கிளம்பப்போகிறது. உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். பாம்பு போனதும் அவர் பிடியைத் தளர்த்திவிட்டார். வெகுநேரம் கையை விடாமல் இருந்தது நான்தான்.

உன் யோத்தாம்