ரெமிஸ்யோன் என்றால் மன்னிப்பு

12 ஜூலை 2006, புதன்

வெயில். காற்றுக்கு லீவு, எனக்கும் லீவு (பொய்த் தலைவலி). வேலை: பப்பாவின் கால்சட்டையை இடுப்பில் நான்கு விரல் பிடித்துத் தைப்பது. வெள்ளிக்கிழமை பிரெஞ்சுக்காரன் விழா. பப்பா மாதிரி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தாக்கள் எல்லாரும் மெடல் குத்திக்கொண்டு பீச் ரோட்டில் நடப்பார்கள்.

கீமோவில் பப்பா மொட்டையானபோது நான் வைத்த பெயர்: முடிசூடா மன்னன். இப்போது சுருள்சுருளாக முளைக்கிறது. ஆகவே இன்று முடிசூட்டு விழா. கிரீடம், இட்லித் தட்டு. பப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அவர் பப்பா, நான் பாப்பா. ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். கீமோ மாதங்களில் அவர் பாத்ரூம் போகவும் அந்தக் கால் தேவைப்பட்டது.

திங்கள் காலை ஸ்கேன். புற்று குடலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியது. வெட்டி, மருந்து ஏற்றி, ஏப்ரலில் முடிந்தது. அதன்பின் இதுதான் முதல் ஸ்கேன்.

13 ஜூலை, வியாழன்

தூறல். வாசலில் பப்பாவும், அவரோடு பட்டாளத்தில் இருந்த அந்துவான் மாமாவும்.

“ஆண்டவர் மன்னிச்சுட்டாருப்பா. டாக்டரே சொன்னாரு. ரெமிஸ்யோன்! பாவப் பொறுத்தல்!”

“டாக்டர் பிரெஞ்சுலயா சொன்னாரு?”

“ஆண்டவருக்கு எந்த பாஷையா இருந்தா இன்னா?”

ஏப்ரலில் டாக்டர் சொன்னது இங்கிலீஷ் ரெமிஷன். பப்பா கேட்டது கோயில் பிரெஞ்சு. அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டார். வெளியே டாக்டர் என்னிடம் மட்டும், “போயிடுச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. இப்ப கண்ணுக்குத் தெரியல. திரும்ப வரலாம்.”

சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மூன்று மாதமாக ஓடுகிறது. நான் செய்ததிலேயே நீளமான குறும்பு.

நான் ஆறாவது படிக்கையில் பப்பா குடித்துவிட்டு அம்மாவின் மணிக்கட்டை உடைத்தார். இன்னும் அம்மாவால் ஈரத் துணி பிழிய முடியாது. அதற்குத்தான் ஈரலில் தண்டனை என்பது பப்பாவின் கணக்கு. குடியால் வந்தது இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியும் காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை ஏதாவது தெரிந்தால், வியாதி திரும்பிவிட்டது என்று நினைக்க மாட்டார். ஆண்டவர் மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்றுதான் நினைப்பார்.

14 ஜூலை, வெள்ளி

புழுக்கம். கால்சட்டை இடுப்பில் நின்றது. பப்பாவும் நிமிர்ந்து நின்றார். விஷயம் பரவி, கிழ சொல்தாக்கள் வரிசையாகக் கட்டிப்பிடித்தார்கள். ஒருவர் வைன் நீட்டினார்.

“மன்னிச்சவருக்குத் துரோகம் பண்ணலாமா?” பப்பா சோடா குடித்தார்.

எனக்கு மூக்கு ஒழுக அழுகை. தின்ற குச்சி ஐஸ் மண்டைக்கு ஏறிவிட்டது என்றேன். நம்பினார்கள். நான் எது சொன்னாலும் நம்புகிறார்கள்.

16 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன்.

“பப்பா, ரெமிஷன்னா மன்னிப்பு இல்ல. அடங்கிக் கெடக்குன்னு அர்த்தம். திரும்ப வரலாம்.”

“வெளையாடுறியா?”

“இல்ல.”

“மெய்யாவா, பாப்பா?”

“மெய்யா. வந்தாலும் அது சும்மா வியாதிதான். உன் பாவம் இல்ல.”

“அப்ப இன்னும் யாரும் மன்னிக்கல.”

எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால்.

“மேரி, உன் கைய ஒடச்சனே. மன்னிச்சுடு.”

அம்மா திரும்பவில்லை.

“நாளைக்கு ஸ்கேனு, அதான் இன்னிக்குக் கேக்குறீங்க. சாவப் போறவரு மாதிரி கேக்காதீங்க. பொழச்சுக் கெடந்து தெனம் கேளுங்க. என்னிக்காவது மனசு வந்தா சொல்றேன்.”

“சரி,” என்றார் பப்பா. போகாமல் அங்கேயே நின்றார். அம்மா கழுவிய மீனையே மறுபடி கழுவினாள்.

17 ஜூலை, திங்கள்

காலை ஆறரை. மேகம். பப்பா வெறும் வயிறு. ஆட்டோ வந்துவிட்டது.

“மேரி, மன்னிச்சுடு.”

“இன்னிக்கு இல்ல,” என்றாள் அம்மா.

இதுவரை ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்கு வராதவள், செருப்பை மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.