உன் உயரத்துக்கு ஒரு கல்லா

முன்கோபக்காரிக்கு,

மகள் வீட்டில் உனக்குத் தூக்கம் வருகிறதா? இங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த நாலு வரி எழுதுவதற்குள் எத்தனை தடவை எழுந்து நடந்தேனோ!

நம் பர்கர் கடையின் முதல் கிளையில் இன்று சுவரில் கடையின் வரலாற்றை எழுதுகிறார்கள். எல்லாக் கிளைகளிலும் கல்லா மேசை ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதற்கு, 'பணிவின் அடையாளம்' என்று போட்டிருக்கிறான் விளம்பரக்காரன். உன் பணிவை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

"ஸ்டூல் மேல ஏறி நின்னு கல்லாவைப் பாரேன்" என்று, அன்று மேசை எட்டாமல் நின்ற உன்னிடம் நான் சொன்னதும், "நான் எதுக்கு ஏறணும்? மேசைக் காலை அறுங்க" என்று நீ முறைத்தது அவனுக்கு எங்கே தெரியும்? ரம்பம் பிடித்து என் கையெல்லாம் கொப்புளம். பிறகு வந்த கிளைகளிலும் அதே அளவில்தான் செய்தார்கள்.

மத்தியானம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார்.

"காலேஜ் நாள்லேர்ந்து வரேன். இங்க குனிஞ்சு வாங்கினாத்தாங்க பர்கர் ருசிக்குது" என்றவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அந்தக் கோவக்கார அம்மா இல்லையா?"

"ஊருக்குப் போயிருக்கா" என்று மழுப்பினேன்.

"இன்னொரு கிளை தெறந்தா என்னைத் தேடாதீங்க" என்று நீ சொன்னதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. புதுக் கிளையின் சாவி இன்னும் பிரிக்காத உறைக்குள்தான் கிடக்கிறது.

இந்த முறை உன்னை ஸ்டூல்மேல் ஏறச் சொல்ல மாட்டேன். பரணிலிருந்து ரம்பத்தை எடுத்து வைத்துவிட்டேன். எதை அறுக்க வேண்டும் என்று மட்டும் சொல்.

உன் நெட்டைக்கொக்கு