இரவல் குழந்தை

வேவேதெனாங்கோ மலை

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் தேவலையா? நான் நலம்.

நேற்று தாய்மார் வகுப்பில் ஒரு வேடிக்கை. எவுலாலியாவின் பத்து மாதக் குழந்தை ஒரே மாதத்தில் இரண்டு கிலோ ஏறியிருந்தது. முதலில் தராசைச் சந்தேகித்தேன். பிறகுதான் வாயைப் பார்த்தேன். போன மாதம் இருந்த இரண்டு பற்களைக் காணோம்.

"பல்லு எங்க, எவுலாலியா?"

"விழுந்துடுச்சு டீச்சர்."

"அது என் புள்ள," என்றாள் பக்கத்து வீட்டு மார்த்தா, சிரித்துக்கொண்டே. "இரவல் குடுத்தேன். போன தடவ எல்லார் முன்னாடியும் இவ புள்ள எடை கொறவுன்னு அட்டைல சிவப்புப் புள்ளி வெச்சு, என்னதான் ஊட்டுறன்னு கேட்டீங்கல்ல?"

மாலையில் எவுலாலியாவின் வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே அவள் மகன் ஈனக்குரலில் அழுதான்.

நாளை தராசில்லாமல், முட்டையும் பீன்ஸும் மசித்து எடுத்துப்போகிறேன். கம்பளிக் காலுறை அனுப்பு. நானும் குழந்தையில் நோஞ்சானாக இருந்தபோது நீ யாருக்குக் கதவைத் திறந்தாய் என்றும் எழுது.

அவசரத்தில்,
ஓதிலியா