நான் வெட்டிப் போட்ட ஓரங்கள்

அன்பு மகள் லீசலுக்கு அப்பா எழுதுவது. ஆக்லாந்தில் குளிர் ஏறிவிட்டதாகச் சொன்னாயே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, மாதா உனக்குத் துணையிருப்பாள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் குரல் உடைந்துவிடும், அம்மா காதில் விழும், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

உன் தம்பி ரெனாந்தேவுக்குக் கால் வீங்கிவிட்டது, சிறுநீர் குறைந்துவிட்டது. நான் கொடுத்த சிறுநீரகத்தை அவன் உடம்பு தள்ளப் பார்க்கிறதாம். வியாழக்கிழமை ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். இதற்குக் காரணம் யார் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். நான்தான். மணிலாவுக்கு ஒவ்வொரு தடவையும் பறக்க முடியாது என்று ஏப்ரலிலிருந்து அக்கரையில் இருக்கும் இலோயிலோவிலேயே ரத்தம் கொடுத்தோம் அல்லவா. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று வரும் சீட்டுகளையெல்லாம் என் படகின் எஞ்சின் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தேன். முப்பது வருஷமாக எஞ்சின் சூடு, ஓடிய மணி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதிப் பழகியவன் நான். குறிப்பேடு சின்னது, சீட்டு பெரியது. மேலே இருந்த ஆய்வகத்தின் பெயரையும் ஓரத்தில் இருந்த அளவுக் குறியையும் கத்தரியால் வெட்டிவிட்டு எண்ணை மட்டும் ஒட்டினேன். "உங்க படகுகூட இவ்வளவு சுத்தமா இருந்ததில்ல" என்று அம்மா கேலி செய்தாள், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இலோயிலோவில் புதிதாக வந்த டாக்டரம்மா அதைப் புரட்டினார். 2,400, 2,100, 2,300, அடுத்தது 11,000. "என்னங்க இது, அஞ்சு மடங்கு ஏறியிருக்கு, விட்டா கிட்னிய தின்னுடும்" என்று, உடம்பு தள்ளாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போடுமாம், குறைத்தால்தான் உடம்பு கிருமியோடு சண்டை போடுமாம். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கால் வீங்கிய பிறகு மணிலா டாக்டர், ஒரே காலையில் ஒரே கையில் எடுத்த ரத்தத்தை இரண்டு இடத்துக்கும் அனுப்பச் சொன்னார். அங்கே 2,200. இங்கே 10,800. கிருமி ஏறவே இல்லை மகளே, ஆய்வகம்தான் மாறியிருக்கிறது; முதல் மூன்று எண்ணும் மணிலாவில் பார்த்தவை, 11,000 மட்டும் இலோயிலோவில் பார்த்தது. உங்கள் ஊரில் ஆய்வகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான சோதனை மாதிரி ஒன்று வரும், அதை வைத்து ஒவ்வோர் இயந்திரத்தையும் சரிபார்ப்போம், சந்தையில் எடைக்கல்லுக்கு முத்திரை போடுவது மாதிரி என்று நீ சொன்னாயே. இங்கே இந்த இரண்டு கல்லையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. அவை வேறு வேறு கல் என்று காட்டியிருக்கும் பெயரை நான் வெட்டிவிட்டேன்.

நேற்று ரெனாந்தே என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கப்பா, நீங்க குடுத்தத என்னால காப்பாத்த முடியல, திருவிழால கருவாடு தின்னேன்ல, அதான்" என்று அழுதான். நான் அவன் தலையைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருந்தேன், லீசல். மாத்திரையைப் பழையபடி கூட்டிவிட்டார்கள், ஆனால் சிறுநீரகம் பிழைக்குமா என்பது வியாழக்கிழமைக்குப் பிறகுதான் தெரியுமாம். உடம்பை அறுத்துக் கொடுக்கப் பயப்படாதவனுக்கு வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது. வியாழனுக்கு முன் அவனிடம் சொல்லியாக வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வரி எழுதி அனுப்பு, மீதியை நான் சொல்லிக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், உன் கை தொட்ட வேலை பலிக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. உன் ஆய்வகத்தில் சீட்டு அச்சடிக்கும்போது எந்த இடம், எந்த அளவு என்பதை எண்ணோடு ஒட்டியே அச்சடிக்கச் சொல். நடுவில் ஒரு கத்தரி நுழைய இடம் இருக்கக் கூடாது.

உன் அப்பா,
தெயோடுலோ
கிமராஸ்