செண்பகத்தோப்புக் காற்றும் கடைசிக் கிண்ணமும்

மாப்ள,

இன்று காலை பட்டறையில் பெயிண்ட் தின்னர் டப்பாவைத் திறந்தேன். நெடி மூக்கில் ஏறியதும், "ஏலே, மூடுலே அத! மரத்துக்கு எதுக்குலே சாராயம்?" என்று நீ கத்துவது காதில் விழுந்தது. நீ போன பிறகு இங்கே சத்தமே இல்லை. சிரித்துவிட்டேன்.

மில்லிலிருந்து ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் உன் வீட்டுக்குப் பின்னால் பழைய லேத் ஒன்றைப் போட்டு நாம் மரம் கடையத் தொடங்கியபோது வேம்பும் வாகையும்தான் பழக்கம். பிறகு நீ தூத்துக்குடி மர டிப்போவிலிருந்து பேர் வாயில் நுழையாத ஆப்பிரிக்க மரம் ஒன்றைத் தூக்கி வந்தாய். சிவப்பு மரம், தொட்டாலே வழவழப்பு. அதில் ஒரு கிண்ணம் கடைந்தோம், சிரமமே இல்லை. ஆளிவிதை எண்ணெய் பூசியதும்தான் வினை. எத்தனை நாளானாலும் பிசுபிசுவென்றே கிடந்தது. "இன்னும் பசி அடங்கல, ஊத்துலே" என்று நீ மேலும் மேலும் ஊற்றவைத்தாய். அது தன் எண்ணெயிலேயே வயிறு நிறைந்த மரம் என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கிண்ணத்தைத்தான் நாளிதழில் சுற்றி, ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் மகளின் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோனோம். பிரித்தால், அதன் வயிற்றில் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி விளம்பரம் ஒட்டியிருந்தது. சம்பந்தி வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கப் போனார். கிண்ணம் கையை விட்டு வரவில்லை. "அவிய கைராசி அப்படி, தொட்டதெல்லாம் ஒட்டுது" என்றாய். வீடே சிரித்தது.

விளம்பரத்தை எடுக்கத்தான் கிண்ணத்தைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்து தின்னர் துணியால் அழுத்தித் துடைத்தேன். மரத்தின் எண்ணெய் இறங்கித் துணி சிவந்தது. அது மறுபடி கசிவதற்குள் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, மிச்சத்தை வழித்தெடுத்தேன். சில நாள் கழித்து நீ அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாய். காய்ந்திருந்தது. "தின்னரும் இல்ல மண்ணும் இல்ல. மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக் காத்து காய வச்சதுலே அது!" கடைசிவரை அதையே சொன்னாய்.

நீ கடைந்து, எண்ணெய் பூசாமல் விட்டுப்போன சிவப்புக் கிண்ணம் ஒன்று இருந்ததல்லவா? உன் மகள் அதைக் கேட்டாள். கெடுத்துவிட்டால் இன்னொன்று கடைய நீ இல்லை. தின்னரால் துடைத்தேன், உடனே பூசினேன், வழித்தேன் மாப்ள. காயும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவள் அதைக் கன்னத்தில் வைத்தாள், உன்னைப் போலவே.

"ஒட்டவே இல்லையே மாமா! நெசமாவே அப்பா செஞ்சதுதானா?"

நம் பழைய சண்டையை இன்னும் நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். அதில் ஜெயிக்க அதைவிட நல்ல நேரம் வராது. தின்னர் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"உங்கப்பா செஞ்சதுதான் தாயி," என்றேன். "இந்த வருசம் செண்பகத்தோப்புக் காத்து நல்லா அடிச்சிச்சு."