எந்தத் தெரு?

அன்புள்ள அப்பாவுக்கு, வாணி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் என் குரலை வைத்தே எதையாவது கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

மதுரையில் பயிற்சி நன்றாகவே போகிறது. வகுப்பில் சாதிப் பேச்சு எழுந்தால் பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்காமல், சண்டையின்றிப் பேச வைப்பது எப்படி என்று நாற்பது ஆசிரியர்களுக்குச் சொல்லித் தருகிறேன். திங்கட்கிழமை, “புதுப் பிள்ளையிடம் ஊரில் எந்தத் தெரு என்று கேட்காதீர்கள், அது சாதியைக் கேட்பதுதான்” என்றேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் செல்போனை என் பக்கமே பிடித்திருந்தார்.

டீ குடிக்கும்போது அவரே, “டீச்சருக்கு ஊருல எந்தத் தெருவாம்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள், நான் தங்கியிருக்கும் ஆரப்பாளையம் லாட்ஜ் மேனேஜர், “ரெண்டு பேரு வந்து ஒங்க அட்ரஸக் கேட்டாய்ங்கம்மா. ரிஜிஸ்டரப் பாத்து எழுதிக்கிட்டுப் போயிட்டாய்ங்க” என்றார். பெரிதாக ஒன்றுமில்லை.

அம்மாவிடம் எள்ளுப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்கமாட்டேன் என்கிறது. வாசல் பல்பை மாற்றுங்கள். சித்தப்பாவைக் கொஞ்ச நாள் நம் வீட்டிலேயே படுக்கச் சொல்லுங்கள்.

இன்று காலை வகுப்பில் நுழைந்தபோது கரும்பலகையில், “ஏரிக்கரைத் தெரு, பச்சைக் கதவு” என்று எழுதியிருந்தது. அழித்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.

லாட்ஜுக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. ரிஜிஸ்டரில் நான் நம் வீட்டுக் கதவின் நிறத்தை எழுதவில்லை, அப்பா.

வாணி